இலவச நாடகத்துக்கு எங்களிடம் 4,800 ரூபாய் வாங்கினார்கள்: வேலூர், ராணிப்பேட்டைக்காரர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் 'தம்பதியருக்கான ஒருநாள் சென்னைப் பயணம்' என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்சாதன வண்டி, மதிய விருந்து, மாலையில் மயிலாப்பூரில் இசை நாடகம், இரவே வீடு திரும்பலாம், ஒருவருக்கு 2,400 ரூபாய் என்று அதில் இருக்கும். நானும் என் கணவரும் அந்தப் பயணத்தில் போய்வந்தோம். டிக்கெட் என்று சொல்லி எங்களுக்கு விற்றது, யார் கேட்டாலும் காசில்லாமல் கொடுக்கிற அனுமதிச் சீட்டு. அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் மறுபடி வரத் தொடங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். இதே முறையில் யார் ஆள் பிடித்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த நாடகத்துக்காக ஏன் அவ்வளவு ஆசைப்பட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பொன்னைப் பக்கம். வள்ளிமலைக்கு எங்கள் ஊரிலிருந்து நடந்தே போவார்கள். வள்ளி தினைப்புனம் காத்த இடம் இது, முருகன் கிழவனாக வந்து நின்ற இடம் இது என்று பாறை பாறையாகக் காட்டிச் சொல்லும் பெரியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்து மரபு தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் முகவீணைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகம் வேறு. அது மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடப்பது. சுவாமிகள் 1922-ல் மறைந்தார். நூறு ஆண்டு கடந்தும் அவர் எழுதிய வள்ளி கதையும், அதில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமும் மேடையில் இருக்கின்றன. எங்கள் மலையின் கதையைத் தெற்கத்திக் கலைஞர்கள் பாடக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. தெற்கிலிருந்து ஒரு குழு சென்னைக்கு வருகிறது என்று தெரிந்ததும், திருமண நாளை ஒட்டிப் போய்வருவோம் என்று என் கணவர் சொன்னார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அலுவலகம். உட்கார்ந்திருந்த இளைஞர் மிக மரியாதையாகப் பேசினார். "முன்னால் உட்கார இடம் கிடைக்குமா தம்பி? எனக்குத் தூரத்தில் இருந்தால் முகம் தெரியாது" என்று கேட்டேன். "முதல் பத்து வரிசைக்குள் உங்களுக்கு உறுதி அக்கா. ஒரு டிக்கெட்டே 1,500 ரூபாய். மொத்தமாக எடுப்பதால்தான் இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது" என்றார். பணத்தை ஒரு செல்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு தனி மனிதரின் பெயர். ரசீது என்று கொடுத்தது பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டு. 'பயணக் கட்டணம் 4,800' என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. டிக்கெட்டைக் கேட்டதற்கு, அரங்க வாசலில் தருவார்கள் என்றார்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகச் சொன்ன வண்டி பத்தரைக்கு வந்தது. வேன்தான்; குளிர்சாதனம் வாலாஜாபேட்டை சுங்கச்சாவடி வரைக்கும் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. மதிய விருந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதம். இவற்றைப் பெரிதாகச் சொல்ல நான் வரவில்லை. நாடகம் நாலரை மணிக்கு. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர்தான். நேராகப் போயிருந்தால் எலுமிச்சைச் சாதத்தையும் வியர்வையையும் அன்றைக்கே மறந்திருப்போம்.

நேராகப் போகவில்லை. காஞ்சிபுரத்துக்குள் வண்டி திரும்பியது. விளம்பரத்தில் காஞ்சிபுரம் என்ற பேச்சே இல்லை. கோயிலுக்குப் போகிறோம் போலிருக்கிறது என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நின்றது ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில். "பதினைந்து நிமிடம்தான், பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் டிரைவர். உள்ளே போனதும் பாயில் உட்காரவைத்து, காபி கொடுத்து, புடவை புடவையாக விரித்துப் போட்டார்கள். சத்துவாச்சாரியில் ஏறிய ஒரு அம்மா மகளுக்கென்று ஒரு புடவை எடுத்தார். பில் போடும் இடத்தில் இருந்தவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த வண்டி?" வண்டி எண்ணைக் கேட்டுப் பில்லின் மேல் மூலையில் எழுதினார். வண்டி கொண்டுவந்தவருக்கு விற்பனையில் பங்கு போகும் ஏற்பாடு அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகள் இருக்கின்றன, நிதானமாக ஒருநாள் போய் வாங்கலாம். நாடகத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது ஏன் எங்களை இங்கே நிறுத்தினீர்கள் என்று என் கணவர் டிரைவரிடம் கேட்டார். "ஆபீசில் சொன்னதைத்தான் செய்கிறேன் சார்" என்றார் அவர். பாவம், அவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். அங்கேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, போரூர் நெரிசல் எல்லாம் தாண்டி அரங்க வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். டிரைவர் ஒரு காக்கி உறையிலிருந்து சீட்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அழகான, கெட்டியான வழவழப்புத் தாள். நாடகக் குழுவின் பெயர், நாள், நேரம், அரங்கம் எல்லாம் இருந்தன. வரிசை எண், இருக்கை எண், விலை எதுவும் இல்லை. சீட்டின் அடிப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. என் சீட்டில் வெட்டு நேராக இருந்தது. என் கணவரின் சீட்டில் வெட்டு சாய்ந்து போயிருந்தது. அதனால் கீழே ஒரு வரியின் மேல்பாதி தப்பியிருந்தது. எழுத்துகளின் தலையும், கடைசியில் ஒரு 'ம்'மின் புள்ளியும் தெரிந்தன.

வாசலில் நின்ற தன்னார்வலர் பெண் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் முழுச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சீட்டோடு சேர்த்து வைத்துக் காட்டினார். வெட்டுப்பட்ட வரி இதுதான்: 'அனுமதி இலவசம். முதலில் வருவோருக்கு முன்னுரிமை. விற்பனைக்கு அன்று.' "அம்மா, இந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட்டே கிடையாது. போன வாரம் முழுக்க இங்கே கேட்டவர்களுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தோம். உங்களிடம் யார் பணம் வாங்கினார்கள்?" என்று கேட்டார். எங்கள் பின்னால் நின்றவர்களில் சிலர் தலை குனிந்துகொண்டார்கள். ஏமாற்றியவன் வேலூரில் நிம்மதியாக இருக்கிறான், ஏமாற்றப்பட்டவர்கள் எதற்குக் கூனிக் குறுக வேண்டும்? எனக்கு அந்த இடத்தில் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சென்னைக்கு அடிக்கடி போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பல இசை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். மார்கழி மாதத்தில் பெரிய சபாக்களிலேயே பகல் கச்சேரிகளைக் காசு கொடுக்காமல் உட்கார்ந்து கேட்கலாம். கலையை எல்லோரும் கேட்கட்டும் என்று நன்கொடை திரட்டி நடத்துகிறார்கள். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது என்பதுதான் இந்த ஏமாற்றுக்காரர்களின் முதலீடு. வண்டி, சாப்பாடு, டிக்கெட் மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிட்டால் டிக்கெட் விலையைத் தனியாக யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

தன்னார்வலர்கள் எங்களை விரட்டவில்லை. அரங்கம் நிறைந்துவிட்டது, பின்னால் சுவரோரம் நின்று பார்ப்பதானால் வாருங்கள் என்று உள்ளே விட்டார்கள். முட்டிவலிக்காரியான எனக்கு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். வள்ளி மேடைக்கு வரும் முதல் பாட்டு முடிந்திருந்தது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி ஓட்டும் இடமும் போய்விட்டது. இசை நாடகத்தில் பாத்திரம் பாடிக்கொண்டே நுழையும் அந்த முதல் பாட்டுத்தான் பாத்திரத்தின் உயிர். கூத்தில் திரை பிடித்து வரவழைக்கிற மாதிரி. அதற்காகத்தான் நான் புறப்பட்டே வந்தேன்.

நாரதர் தர்க்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேடையோரத்தில் ஆர்மோனியக்காரர் ஒரு பெரியவர். நாரதர் ஒரு அடியை முடிக்கும் முன்பே அடுத்த சுருதியைக் கையில் வைத்துக் காத்திருந்தார். வள்ளியாக நடித்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. "வேலன் யார், அவன் ஊர் எது" என்று நாரதர் வளைத்து வளைத்துக் கேட்க, அவர் இடுப்பில் கை வைத்து, சபையைப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் பாட்டாலேயே பதில் வைத்தார். ஒரு இடத்தில் மிருதங்கக்காரர் வேண்டுமென்றே தாளத்தை நிறுத்த, அந்த அம்மா தனிக் குரலில் ஒரு வரியை இழுத்து நிறுத்தினார். மூச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லை அரங்கத்தில். என் கணவர் என் தோளில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. அந்தக் கலைஞர்கள்மீது எனக்குக் கடுகளவும் குறையில்லை. அவர்கள் கலையை இலவசமாகக் கொடுத்தார்கள்; இடையில் ஒருவன் அதை விற்றான்.

ஏழு மணிக்கு டிரைவரின் அழைப்பு. வண்டிக்கு இரவு வேறு சவாரி இருக்கிறதாம், உடனே வர வேண்டுமாம். வேடன் வேங்கை மரமாக நிற்பதையும், கிழவனாக வருவதையும், யானை வருவதையும் பார்க்காமல் எழுந்து வந்தோம். இருந்து பார்த்துவிட்டு ரயிலில் போகிறோம் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். எல்லோருடைய பையும் வண்டிக்குள் இருந்தது, அவர் இறங்கிவந்து எடுத்துத் தர மறுத்தார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனோம். அதே இளைஞர், அதே மரியாதை. "நிகழ்ச்சி நடத்துபவர்கள் செய்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் அக்கா? வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தோம் இல்லையா?" என்றார். வெட்டிய சீட்டையும் முழுச் சீட்டையும் மேசைமேல் வைத்தேன். பேச்சு நின்றது. உள்ளேயிருந்து வந்த ஒருவர், அடுத்த ஏலகிரிப் பயணத்தில் ஆளுக்கு 300 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். வெளியே வருவதற்குள் எனக்கு அனுப்பிய விளம்பரத்தையும் 'முதல் பத்து வரிசை' என்று எழுதிய செய்தியையும் அவர்கள் வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டார்கள். என் கணவர் முன்பே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கு அனுப்பிவைத்திருந்தார். இப்படிப்பட்டவர்கள் விளம்பரத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கும் காரணம் உண்டு. 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும். பணம் அனுப்பும் முன்பே படமெடுத்து வையுங்கள்.

இந்த மாதிரிப் பயணத்துக்கு யாராவது அழைத்தால், டிக்கெட் விலை எவ்வளவு, இருக்கை எண் என்ன என்று கேட்டு, டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். அரங்கத்தின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து நேரடியாக விசாரியுங்கள். ஒரே அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். வழியில் எங்கெங்கே நிறுத்துவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ரயிலே இருக்கிறது. காட்பாடியிலிருந்து விரைவு ரயிலில் சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாடகம் முடிந்த பிறகும் கோவை, பெங்களூரு போகும் இரவு ரயில்கள் காட்பாடி வழியாகத்தான் போகின்றன.

ஏமாந்தவர்களுக்கு: 1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கான எண். இப்படிச் சேவையில் ஏமாற்றினால் அழைக்க வேண்டியது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் 1915-ல் பதிவு செய்துவிட்டோம், பதிவுத் தபாலில் அறிவிப்பும் அனுப்பிவிட்டோம். பதில் வராவிட்டால் ஆணையத்தில் மனு போடுவதாக இருக்கிறோம்.

அன்று எங்களோடு அந்த வேனில் வந்த ஆற்காட்டுத் தம்பதியும், சத்துவாச்சாரி அம்மாவும், புதிதாகக் கல்யாணமான அந்தப் பிள்ளைகளும் இதைப் படித்தால், அடிப்பக்கம் வெட்டிய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய விவரத்தோடு அதைப் பத்திரப்படுத்தி, நீங்களும் உங்கள் பெயரில் புகார் கொடுங்கள். முழுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் படமெடுத்து அனுப்புகிறேன்.