போர்டே இல்லாத மெக்கானிக் கடை, பத்து மாசம் நின்ன ஸ்ப்ளெண்டர், மொத்த செலவு 1,140 ரூவா

கடைக்கு பேரு கேக்காதீங்க, பேரே கெடையாது. மதுரையில அழகர்கோவில் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல வேப்பமரம், அதுக்குக் கீழ ஒரு தகர ஷெட்டு, முன்னாடி நாலஞ்சு வண்டி குடல உருவிப் போட்ட மாதிரி கெடக்கும், அதான் கடை. மேப்ல தேடுனா வராது. ஆனா ரிவ்யூ எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா இதுக்கு முன்னாடி மேப்ல 4.7 ஸ்டார் வச்சிருந்த ஒரு எடத்துல ஏமாற இருந்தேன்.

வண்டி 2010 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், டேங்க்ல இன்னும் ஹீரோ ஹோண்டான்னுதான் இருக்கும், ரெண்டு கம்பெனியும் பிரியறதுக்கு முன்னாடி எடுத்தது. கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கெடையாது. நான் கத்தார்ல ப்ராஜெக்ட்டுன்னு போயிட்டேன், பத்து மாசம் வண்டி வீட்டு வாசல்ல ஓரமா நின்னுச்சு. அம்மா பாவம், வெயில் படக்கூடாதுன்னு பழைய காட்டன் சேலை ஒண்ண போத்தி அதுக்கு மேல தார்ப்பாய கட்டி வச்சிருந்தாங்க. அக்கறையாத்தான் செஞ்சாங்க, ஆனா ஐப்பசி மழை தண்ணி உள்ள எறங்கி வெளிய போக வழியில்லாம அப்படியே உக்காந்துருச்சு போல, சேலைய தூக்குனா ஊறப்போட்ட துணி வாடை.

வந்த மறுநாள் காலையில காத்தடிச்சு, பெட்ரோல் தொறக்குற காக்க திருப்பி, சோக்க போட்டு மிதிச்சேன். இருபது மிதி, முப்பது மிதி, செருப்பு வாரு பிஞ்சதுதான் மிச்சம். எதுத்த வீட்டுக்காரர் வந்து அவரு பங்குக்கு ஒரு பத்து மிதி மிதிச்சுட்டு 'காயில் போயிருச்சு'ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போனாரு. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா பின் வீலே சுத்த மாட்டேங்குது, டிரம்முக்குள்ள பிரேக் ஷூ ஒட்டிக்கிருச்சு.

சரி, இந்த காலத்துல எதுக்கு தள்ளிக்கிட்டு அலையணும்னு வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் குடுக்குற ஒரு ஆப்புல புக் பண்ணேன். மேல சொன்ன 4.7 ஸ்டார் இதுதான், பேரு வேணாம். விசிட்டிங் சார்ஜ் 249. ஒரு பையன் டீ சர்ட்டு எல்லாம் போட்டு டிப்டாப்பா வந்தான், ரெண்டு தடவ மிதிச்சான், ஹார்ன் அடிச்சுப் பாத்தான், அடிக்கல, ஒடனே 'சார் பேட்டரி டெட் சார், அதான் ஸ்டார்ட் ஆகல'ன்னான். அப்புறம் போன்ல என்னத்தையோ தட்டுனான், 4,870 ரூவாய்க்கு எஸ்டிமேட் வந்து நிக்குது. பேட்டரி, பிளக்கு, கார்ப்பரேட்டர் புது செட்டு, ஜெனரல் சர்வீஸ். பிளக்க கழட்டிக்கூட பாக்கல அந்தத் தம்பி. அவன சொல்லி என்ன, அவன் கையில குடுத்து விட்டதே ஒரு லிஸ்ட்டுதான. யோசிச்சு சொல்றேன்னு அனுப்பிட்டேன். 249 போனது போனதுதான்.

அப்பதான் பால்காரர் இந்த வேப்பமரத்துக் கடைய சொன்னாரு. போயி கேட்டா, நாளைக்கு பதினோரு மணிக்கு வீட்டுக்கே வரேன்னாரு மெக்கானிக் அண்ணன். வந்தது பன்னெண்டே முக்காலுக்கு. இத மனசுல வச்சுக்கங்க, இவருகிட்ட டயம்ங்கறது ஒரு பேச்சுக்குத்தான்.

ஆனா வந்ததும் அவரு செஞ்ச மொத வேலையே எனக்கு புடிச்சுப்போச்சு. கிக்கர தொடவே இல்ல. டேங்க் மூடிய தொறந்து மோந்து பாத்தாரு. 'தம்பி, இது பெட்ரோல் வாடையா, நீங்களே பாருங்க'ன்னாரு. குனிஞ்சு மோந்தா வார்னிஷ் டப்பாவ தொறந்த மாதிரி ஒரு புளிச்ச வாடை. ரொம்ப நாள் நின்னா பெட்ரோல்ல சட்டுன்னு ஆவியாகுறது எல்லாம் மொதல்ல பறந்துருமாம், குளுந்த இஞ்சின பத்த வைக்கிறதே அந்த லேசான சரக்குதான், அது போனப்புறம் மிச்சம் இருக்குறத வச்சு எம்புட்டு மிதிச்சாலும் கால்தான் வலிக்கும்.

அடுத்து காக்குல இருந்து டியூப்ப உருவி ஒரு காலி தண்ணி பாட்டில்ல பெட்ரோல புடிச்சாரு. புடிச்சு செவத்தோரமா வச்சுட்டு 'டீ ஒண்ணு கெடைக்குமா'ன்னாரு. டீ குடிச்சு முடிச்சு பாத்தா பாட்டில்ல ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்குது, கீழ ஒரு ரெண்டு விரக்கடைக்கு கலங்கலா ஒண்ணு, மேல பெட்ரோல். டேங்க் மூடியோட ரப்பர் வாஷர் வெடிச்சுப்போயி மழைத்தண்ணி எறங்கிருக்கு. இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்குல்ல, எத்தனாலுக்கு தண்ணின்னா உசுரு, காத்துல இருக்குற ஈரத்தக்கூட இழுத்துக்கும், அளவுக்கு மேல போனா ரெண்டும் கைகோத்துக்கிட்டு பெட்ரோல விட்டுட்டு டேங்க் அடியில போயி உக்காந்துரும். காக்கு இழுக்குறது அடியிலருந்துதான. முன்னாடி எல்லாம் வண்டி ஆறு மாசம் நின்னாலும் ஒரு உதை உதைச்சா எந்திரிக்கும், இப்ப அப்படி இல்லன்னு அண்ணன் பொலம்புனாரு. நாங்க சின்னப்புள்ளையில பாத்த வண்டியெல்லாம் அப்படித்தான் எந்திரிச்சுச்சு, அதனால அந்த பொலம்பல்ல எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பேட்டரி கதைய கேட்டேன். சிரிச்சுட்டாரு. இந்த வண்டியில பிளக்குக்கு போற கரண்டு பேட்டரியில இருந்து வர்றதே இல்லையாம், மேக்னட்டோல இருந்து நேரா வருது, கிக்கர மிதிச்சா அதுவே கரண்ட உண்டாக்கிக்கும், அதனாலதான் ஹெட்லைட்டு கூட இஞ்சின் ஓடுனாதான் எரியுது. பேட்டரிய கழட்டி வீட்டுல வச்சுட்டுக்கூட இத ஓட்டலாம்னாரு. அது ஹார்னுக்கும் இண்டிகேட்டருக்கும் மட்டும்தான். (உங்களோடது செல்ஃப் வண்டியா இல்ல 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 இஞ்செக்‌ஷன் வண்டியா இருந்தா இந்தக் கதை செல்லாது, இஞ்செக்ஷன் வண்டியில பெட்ரோல் பம்பே பேட்டரிலதான் ஓடுது, அங்க பேட்டரிதான் மொத சந்தேகம்.) பதினஞ்சு வருசமா ஓட்டுற எனக்கு இது தெரியாது, 4,870 ரூவா எஸ்டிமேட் போட்ட கம்பெனிக்குமா தெரியாது?

பிளக் பானாவ போட்டு பிளக்க கழட்டுனாரு. நுனி காஞ்சுபோயி இருக்கு. அத்தன மிதி மிதிச்சும் பிளக்கு நனையலேன்னா பெட்ரோல் இஞ்சினுக்குள்ள போகவே இல்லைன்னு அர்த்தம், நனைஞ்சு சொட்டுச்சுன்னா பெட்ரோல் வருது, ஆனா தீ பத்தலைன்னு அர்த்தம், இது ஒண்ணுலயே பாதி விசயம் தெரிஞ்சுரும் தம்பின்னாரு. அதே பிளக்க கேப்புல மாட்டி இஞ்சின் மேல சாச்சு வச்சு மிதிக்கச் சொன்னாரு, நீலமா டிக்கு டிக்குன்னு ஸ்பார்க்கு. எதுத்த வீட்டுக்காரர் அப்ப வாசல்லதான் நின்னாரு, காயில் நல்லா இருக்குன்னு நான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அப்ப கோளாறு, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டர்ல. கழட்டி கீழ் கிண்ணத்த தொறந்தா உள்ள ஆப்பச்சட்டி ஓரம் மாதிரி பழுப்பா ஒரு படலம், மூலையில வெள்ளையா பொடி, பித்தள எடமெல்லாம் பச்ச புடிச்சுருக்கு. அதுல ஸ்லோ ஜெட்டுன்னு ஒண்ணு இருக்கு, சின்ன பித்தள குச்சி, அதோட ஓட்டை தலமுடி போற அளவுதான், ஸ்டார்ட் ஆகுறதும் ஐடிலிங் நிக்கிறதும் அந்த ஓட்டைய நம்பித்தான். வானத்துக்கு நேரா புடிச்சு காட்டுனாரு, வெளிச்சமே தெரியல, பிசின் மாதிரி அடச்சு நிக்குது. நான் ஊசி எடுத்துட்டு வரவான்னேன், அடிக்க வராத கொறைதான். ஊசிய விட்டா ஓட்டை பெருசாயிரும், அப்புறம் ஆயுசுக்கும் மைலேஜ் குடுக்காது. பழைய ஆக்சிலேட்டர் கேபிள்ல ஒரே ஒரு இழைய உருவி பதமா நொழைச்சு எடுத்தாரு, புது பெட்ரோல்ல அர மணி நேரம் ஊறப்போட்டாரு, பக்கத்து பஞ்சர் கடைக்கு கொண்டு போயி காத்தடிச்சுட்டு வந்தாரு. திரும்ப வானத்துக்கு காட்டுனா குண்டூசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம். ஏர் ஸ்க்ரூவ கழட்டுறதுக்கு முன்னாடி எத்தன சுத்துல இருந்துச்சுன்னு எண்ணி வச்சுக்கிட்டு அதே அளவுக்கு திரும்ப வச்சாரு, இந்த மாதிரி சின்ன விசயத்துலதான் வேலக்காரன் யாருன்னு தெரியும்.

இதோட முடிஞ்சுச்சுன்னு பாத்தா, ஏர் ஃபில்டர் பாக்ஸ தொறந்ததும் அம்மா 'அய்யய்ய'ன்னு கத்திட்டாங்க. உள்ள எலிக்கூடு. தேங்கா நாரு, பஞ்சு, அதோட அம்மா போத்துன சேலையோட துண்டு துணி, நல்லா மெத்த மாதிரி விரிச்சு குடும்பம் நடத்திருக்கு. ஹார்ன் ஒயரையும் கடிச்சு வச்சுருக்கு. சேலைய குடுத்து வாடகைக்கு விட்ட மாதிரி ஆயிருச்சு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அவரு இன்னொண்ணு செஞ்சாரு, பிளக் ஓட்டை வழியா கொஞ்சூண்டு இஞ்சின் ஆயில விட்டு, பிளக்க மாட்டாமயே கிக்கர கையால மெதுவா ஏழெட்டு தடவ அமுக்குனாரு. பத்து மாசமா ஆயில் எல்லாம் வழிஞ்சு கீழ எறங்கிருக்கும், காஞ்ச சிலிண்டருக்குள்ள பிஸ்டன ஓடவிட்டா கோடு விழுந்துரும்னாரு. பின் டிரம்ம கழட்டி ஷூவ உப்புத்தாள்ல தேச்சாரு. அப்புறம் நாலாவது கியர்ல போட்டு கிளட்ச்ச புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னயும் பின்னயும் ஆட்டி ஒட்டியிருந்த கிளட்ச் பிளேட்ட பிரிச்சு விட்டாரு. நான் நேத்து மிதிச்ச மிதியெல்லாம் நெனச்சா வயித்த கலக்குது.

புது பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஊத்தி, மூணாவது மிதி. பொக்குன்னு ஒரு பொக, அப்புறம் கொஞ்சம் இருமுச்சு, அப்புறம் அந்த பழைய சத்தம். அம்மா திருஷ்டி கழிக்க போயிட்டாங்க.

கணக்கு இதுதான்: பிளக்கு 110, ஏர் ஃபில்டர் 140, பெட்ரோல் டியூப் 40, ஆயில் 900 மில்லி 400, கூலி 450. மொத்தம் 1,140. பழைய பிளக்கே ஓடும், ஆனா மாத்திக்கங்கன்னு சொல்லித்தான் மாத்துனாரு. டேங்க் மூடி வாஷர் சும்மா ஒண்ணு போட்டு விட்டாரு. கெட்டுப்போன பெட்ரோல சாக்கடையில ஊத்தாம வண்டி சாமான் கழுவுறதுக்குன்னு கேன்ல எடுத்துக்கிட்டாரு.

இப்ப கொற. பில்லு கெடையாது, கேட்டா சிகரெட் அட்டையில எழுதித் தருவாரு. கழட்டுன நட்டெல்லாம் வாசல் பூரா பரப்பி வச்சாரு, கருப்பு ஆயில் கறை இன்னும் போகல, அம்மா தெனமும் அத பாத்து பேசுறாங்க. மறுநாள் காலையில காக்குல இருந்து சொட்டு சொட்டா ஒழுகுச்சு, அது சின்ன விசயம் இல்ல, பெட்ரோல். போன் அடிச்சா எடுக்கல, நேர்ல போனா 'பழைய வாஷர்தான் தம்பி, காஞ்சுருக்கும், நேத்தே சொன்னேன்ல'ங்கறாரு. சத்தியமா சொல்லல. காசு வாங்காம மாத்திக் குடுத்தாரு, ஆனா நேத்தே பாத்துருக்கணும், அதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சுட்டேன்.

பேட்டரிய ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுப் பாத்தோம், நிக்கல, அத மாத்தித்தான் ஆகணும். அந்த வகையில ஆப்புத் தம்பி சொன்னது பாதி நெசம், வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்கு அது காரணம் இல்ல, அவ்வளவுதான்.

அடுத்த தடவ கெளம்பும்போது என்ன செய்யன்னு கேட்டேன். காக்க மூடிட்டு வண்டி தானா அணையுற வரைக்கும் ஓடவிடு, கார்ப்பரேட்டர்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாது, ஸ்டாண்டுல போடு, தார்ப்பாய தரை வரைக்கும் இழுத்துக் கட்டாத, காத்து போகட்டும்னாரு. வாரத்துக்கு ஒருக்கா அம்மாவ விட்டு ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் ஓடவிடச் சொல்லவான்னேன், அதுக்கு சும்மாவே நிக்கட்டும், சூடாகுறதுக்கு முன்னாடி அணைச்சா சைலன்சருக்குள்ள தண்ணி கோத்து துரு புடிக்கும்னாரு.

ஹார்ன் ஒயரு இன்னும் பாக்கி. நாளைக்கு பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காரு, நான் பதினொன்ற போல போயிக்கிறேன்.