முடிக்க யாருக்கு அவசரம்? மூன்று விண்வெளி கேம்களின் கணக்கு

ஸ்டார் சிட்டிசன், எலைட் டேஞ்சரஸ், நோ மேன்ஸ் ஸ்கை. விண்வெளி கேம் ஆடுபவர்கள் மத்தியில் இந்த மூன்றை வைத்து நடக்கும் சண்டை ஓய்ந்ததே இல்லை. கிராஃபிக்ஸ் எதில் உசத்தி என்று அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் காசு எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். எது ஏன் நகர்கிறது, எது ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பது ஓரளவு பிடிபடும்.

முதல் இரண்டும் 2012-ல் ஒரு மாத இடைவெளியில், மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்துக்கு வந்தவை. அக்டோபரில் ஸ்டார் சிட்டிசனோடு கிறிஸ் ராபர்ட்ஸ், நவம்பரில் எலைட்டோடு டேவிட் பிராபென். இரண்டையுமே 2014-ல் தருவதாகத்தான் பேச்சு. எலைட் அந்த வருடம் டிசம்பர் 16 அன்று வெளியாகிவிட்டது. ஸ்டார் சிட்டிசன் இன்னும் ஆல்ஃபாவில்தான், அதாவது முடிக்காத சோதனைப் பதிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஆல்ஃபாவை லேசில் தள்ளிவிட முடியாது. கேமுக்குள் இருக்கும் நியூ பாபேஜ் நகரத்தில் படுக்கையிலிருந்து எழுந்து, லிஃப்ட் பிடித்து, ரயில் ஏறி விமானநிலையம் போய், டெர்மினலில் கப்பலை வரவழைத்து, சரிவுப் பலகை வழியாக ஏறி, உள்ளே நடந்து பைலட் சீட்டில் உட்காரலாம். அப்படியே மேகத்தைக் கிழித்துக்கொண்டு விண்வெளிக்குப் போகலாம். நடுவில் ஒரு லோடிங் திரைகூட வராது. இந்த அனுபவத்துக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வர முடியாது. அதே லிஃப்ட் வராமல் போவதும், ஏற்றிய சரக்குப் பெட்டி தரைக்குள் புதைவதும், வேலை முடியும் நேரத்தில் ‘30கே’ என்ற பிழையைக் காட்டி சர்வர் கழற்றிவிடுவதும் ஆடுபவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கதை.

கோளாறு யார் கேமில்தான் இல்லை? எனக்கு உறுத்துவது வருமானம் வரும் வழி. கூட்டுநிதியாக வந்த பணம் 2024-லேயே 70 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு கப்பல் விற்ற காசு. அந்தக் கப்பல்களில் பல, விற்ற நாளில் வெறும் ஓவியம். பிளான் பேப்பரைக் காட்டி ஃபிளாட் விற்பது மாதிரிதான் இதுவும். பானு மெர்ச்சன்ட்மேன் என்ற கப்பலுக்குப் பணம் கட்டியவர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2018-ல் கிட்டத்தட்ட எல்லாக் கப்பல்களும் அடங்கிய ஒரு தொகுப்பை 27,000 டாலருக்கு விற்றார்கள். முடிக்காமலே இவ்வளவு வரும்போது முடிக்க என்ன அவசரம்? ஆரம்பத்தில் சொன்ன நட்சத்திர மண்டலங்கள் சுமார் நூறு. 2024 அக்டோபரில் 1.0 பதிப்புக்குச் சொன்னது ஐந்து. ஒரு சர்வரில் 100 பேர் என்று இருந்ததை பல சர்வர்களை ஒன்றாகப் பிணைக்கும் சர்வர் மெஷிங் மூலம் 500 வரை கொண்டுபோனது நிஜமான பொறியியல் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் இதன் கூடவே வர வேண்டிய, தனியாக ஆடும் கதை கேமான ‘ஸ்குவாட்ரன் 42’ 2014, 2016 என்று தள்ளித் தள்ளி 2026-க்கு வந்து நின்றதை வைத்துப் பார்த்தால், இவர்கள் சொல்லும் தேதியை நம்பி யாரும் லீவு போட வேண்டாம்.

எலைட்டின் பிரச்சினை வேறு. நம் பால்வீதியை அப்படியே நிஜ அளவில், 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு கொடுத்தார்கள். சத்தம், கப்பல் ஓட்டும் கனம், நட்சத்திரத்தை உரசி எரிபொருள் அள்ளும் அந்த சில நொடிகள், எல்லாம் முதல் தரம். ஆனால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒடிஸி என்ற விரிவாக்கம் 2021 மே மாதம் தடுமாறி வந்ததில், பிராபெனே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த மார்ச்சில் கன்சோல் ஆட்டக்காரர்களுக்கு இனி புது அப்டேட் இல்லை என்று கைகழுவினார்கள். கப்பலுக்குள் நடக்க வேண்டும் என்ற கோரிக்கை வருடக்கணக்காகக் கிடக்கிறது. சீட்டை விட்டு எழுந்தால் திரை கறுத்து, வெளியே தரையில் நிற்பீர்கள். 2024 முதல் இவர்களும் புதுக் கப்பல்களைக் காசுக்கு விற்கிறார்கள். ஆனால் விற்ற அன்றே அது பறக்கும். கொஞ்ச மாதம் பொறுத்தால் கேம் பணத்திலேயே வாங்கலாம். தார்காய்டு என்ற வேற்றுக்கிரக இனத்தோடு நடந்த போரைச் சூரியக் குடும்பம் வரை கொண்டுவந்து 2024 டிசம்பரில் முடித்தது, அடுத்த வருடம் புது மண்டலங்களில் குடியேறவிட்டது, இதெல்லாம் தாமதமாக வந்த சுறுசுறுப்பு.

நோ மேன்ஸ் ஸ்கையை 2016 ஆகஸ்ட்டில் 60 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு இதை உருவாக்கிய ஷான் மரேயின் சின்ன அணி வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. 2018 ஜூலையில் முழு மல்டிபிளேயர். அதற்கு முன்னும் பின்னும் வந்த பெரிய அப்டேட் அத்தனையும் இலவசம். 2025 ஆகஸ்ட்டில் சொந்தமாகக் கப்பல் கட்டி அதற்குள் நடக்கவும் விட்டார்கள். தர்மம் எல்லாம் இல்லை. ஒவ்வொரு அப்டேட்டும் புதுசாக வாங்குபவர்களை இழுத்துவருகிறது. இவர்களுக்குக் காசு வர, செய்து முடித்த ஒன்று கையில் இருக்க வேண்டும். பறக்கும் உணர்வு மட்டும் இன்றும் பொம்மைத்தனம்தான், எலைட்டிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நோ மேன்ஸ் ஸ்கை. ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் யோசிக்காமல் எலைட். ஸ்டார் சிட்டிசனை இலவசமாக ஆடவிடும் வாரங்கள் வருடத்தில் சில உண்டு, அப்போது போய் ஆசை தீரச் சுற்றிப் பாருங்கள். பிடித்துப்போனால் அடிப்படைத் தொகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற கப்பல்களை உள்ளே சம்பாதித்தே வாங்கலாம்.