ரீப்பர் மென்பொருள்: முதல் பாட்டைப் பதிந்து முடித்த பின் ஒரு மதிப்பீடு

வீட்டுக் கணினியில் பாட்டுப் பதியத் தொடங்க நினைக்கும் ஒருவர் ரீப்பர் என்ற பெயரை எடுத்தால், அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: நல்ல மென்பொருள், ஆனால் கைப்பழக்கம் வந்த பிறகு அதற்கு வாருங்கள். அந்த அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே ரீப்பரிலேயே தொடங்கி, இரண்டு கிதார், ஒரு பேஸ், மூன்று அடுக்குக் குரல், தாளத்துக்கு இரண்டு டிராக் (ஓர் ஒலியைத் தனியாகப் பதியும் தடம்) என மொத்தம் 8 டிராக்குகளில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை முடித்திருக்கிறேன். அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. ரீப்பரின் முகப்பு புதியவரை வாருங்கள் என்று அழைப்பதாக இல்லை. என்றாலும் முதன்முதலாகப் பதிகிறவர் தடுக்கி விழும் இடங்கள் ஒலித் தாமதம், பதிவின் அளவு, அறையின் இரைச்சல் ஆகிய மூன்றும்தான். இவற்றில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் கண்முன் வைப்பதால், தொடக்கக்காரருக்கே இது ஏற்ற மென்பொருள் என்பது என் முடிவு.

1990களின் இறுதியில் கணினியில் எம்பி3 கேட்டவர்களுக்கு வின்ஆம்ப் நினைவிருக்கும். அதை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் பின்னர் காக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியே ரீப்பரைக் கொண்டுவந்தார். முதல் பொதுப் பதிப்பு 2005 இறுதியில் வெளியானது. நான் பயன்படுத்துவது 2023இல் வந்த 7ஆம் பதிப்பு வரிசை. வின்ஆம்பில் இருந்த சிக்கனம் இதிலும் தொடர்கிறது. விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு 20 எம்பி கூட இராது. என் பழைய மடிக்கணினியிலும் சில நொடிகளில் திறந்துகொள்கிறது. இந்தச் சிக்கனத்துக்கு வேறொரு பயனும் உண்டு. கனமான மென்பொருளைத் திறந்தவுடன் மடிக்கணினியின் விசிறி சுழலத் தொடங்கி, அந்த இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். ரீப்பரில் பதிந்துகொண்டிருந்த நேரத்தில் விசிறி அடங்கியே இருந்தது.

திறந்தவுடன் தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரை. வழிகாட்டும் பெட்டியோ, ஆயத்தமாக அடுக்கி வைத்த இசைத் துணுக்குகளோ எதுவும் இல்லை. கண்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால் ஒரு டிராக் வருகிறது. அதில் உள்ள சிவப்பு வட்டத்தைச் சொடுக்கி, மைக் எந்த உள்ளீட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். வேறு பல மென்பொருள்களில் குரலுக்கு ஒரு வகை டிராக், எந்தச் சுரத்தை எப்போது வாசித்தோம் என்ற குறிப்பை மட்டும் பதியும் மிடிக்கு ஒரு வகை, பல டிராக்குகளைத் திரட்டிச் சேர்ப்பதற்கு இன்னொரு வகை என்று பிரித்து வைத்திருப்பார்கள். ரீப்பரில் எல்லாம் ஒரே டிராக்தான், அதில் எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். வெற்றுத் திரையின் மிரட்சி எனக்கு ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்துபோனதற்கு இந்த எளிமையே காரணம்.

தாமதத்தோடு நடந்த போராட்டம் அவ்வளவு எளிதில் தீரவில்லை. நாம் மைக்கில் எழுப்பும் ஒலி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குள் போய், மீண்டும் ஹெட்ஃபோனுக்கு வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கிறது. கணினி வருகிற ஒலியை உடனுக்குடன் கையாளாமல், பஃபர் எனப்படும் ஒரு பாத்திரம் நிரம்பும் வரை காத்திருந்து மொத்தமாக எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த மாதிரி) என்ற கணக்கில், 1,024 சாம்பிள் கொள்ளும் பஃபர் நிரம்ப ஏறத்தாழ 21 மில்லிநொடி ஆகும். போகவும் வரவுமாகச் சேர்த்தால் 42 மில்லிநொடியைத் தாண்டிவிடும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் குரலை 14 மீட்டருக்கு அப்பால் நின்று வேறொருவர் பாடிக் கேட்பதற்கு இது சமம். தாளம் பிசகாமல் பாட யாராலும் முடியாது. பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்தால் இரு வழிக்கும் சேர்த்து 5 மில்லிநொடிக்குச் சற்று மேல், அதாவது 2 மீட்டருக்கும் குறைவான தூரம். இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குச் சேர்க்கும் ஓரிரு மில்லிநொடியைக் கூட்டினாலும் பாடுவதற்கு இடைஞ்சல் இல்லை. குறைக்கக் குறைக்கக் கணினிக்கு வேலை கூடி ஒலியில் படபடவென்று வெடிப்புகள் கேட்கத் தொடங்கும் என்பதால், பதியும்போது சிறிய பஃபர், பதிந்த டிராக்குகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது பெரிய பஃபர் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதே வழக்கம்.

ரீப்பர் இந்தக் கணக்கைத் திரையின் வலது மேல் மூலையில் சிறிய எழுத்துகளில் எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கிறது: சாம்பிள் வேகம், பஃபரின் அளவு, உள்வரும் தாமதம், வெளிச்செல்லும் தாமதம், எந்த டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்) என்பது வரை எல்லாம் ஒரே வரியில். அந்த வரியைச் சொடுக்கினால் ஒலிக் கருவிக்கான அமைப்புகள் நேரே திறக்கும். விண்டோஸில் இயங்குகிறவர்கள் அங்கே தங்கள் இன்டர்ஃபேஸோடு வந்த, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வேறு எதைச் சரிசெய்தாலும் பலன் இருக்காது. பதிந்த ஒலியைத் தாமதத்தின் அளவுக்கு முன்னே நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கும் வேலையை, டிரைவர் தெரிவிக்கும் அளவை நம்பி, ரீப்பரே செய்துவிடுகிறது.

இவ்வளவையும் சரியாக வைத்த பிறகும் முதல் நாள் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலவே ஹெட்ஃபோனில் கேட்டது. மைக்கைச் சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன், ஒரு கட்டத்தில் போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு கூடப் பாடிப் பார்த்தேன். கோளாறு என்னுடையதுதான். இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் மைக்கின் ஒலியை நேரடியாக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் பொத்தானும், ரீப்பரின் டிராக்கில் ஒலிபெருக்கிப் படம் போட்ட பொத்தானும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. உடனே வரும் குரல் ஒன்று, கணினியைச் சுற்றிவிட்டு வரும் குரல் இன்னொன்று என இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் வந்த வினை அது. டிராக்கில் உள்ளதை அணைத்தவுடன் கிணறு மறைந்தது.

பதிவின் அளவைப் பொறுத்தவரை, ஒலி எவ்வளவு உரக்கப் பதிகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தொடக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும். ரீப்பர் இயல்பாகவே ஒவ்வொரு சாம்பிளையும் 24 பிட் நுணுக்கத்தில் பதிகிறது. 16 பிட்டின் வீச்சு, அதாவது பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, கோட்பாட்டளவில் சுமார் 96 டெசிபல் என்றால், 24 பிட்டில் அது 144 டெசிபல். எனவே ஒலி கிழியத் தொடங்கும் எல்லையை 0 என்று கொண்டால், உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலைத் தொட்டால் போதும். தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், பல்லவியைத் தாழ்ந்த குரலில் பாடி அளவு பார்த்துவிட்டு, உச்சத்தில் போகும் மூன்று வரிகளை முழுத் தொண்டையில் பாடியதில் மூன்றுமே கிழிந்துபோயின. டிராக்கின் மீட்டருக்கு மேல் உள்ள எண் சிவப்பாக மாறி, நானாகச் சொடுக்கி அழிக்கும் வரை அப்படியே நின்றது. டிராக்கின் ஃபேடரை இறக்கிப் பயனில்லை. அது கேட்கும் அளவை மட்டும்தான் மாற்றும். பதியும் அளவைத் தீர்மானிப்பது இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் திருகுதான். மறுநாள் அந்த வரிகளைத் திரும்பப் பாடியபோது குரலின் நிறமே வேறாக இருந்ததால், பாட்டு முழுவதையும் மறுபடி பாட வேண்டியதாயிற்று. பாட்டின் உரத்த பகுதியைப் பாடித்தான் அளவு வைக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை.

ரீப்பரில் என்னை முழுமையாகக் கவர்ந்தது பதிந்ததை வெட்டி ஒட்டும் முறை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடினால் ஒவ்வொரு டேக்கும் தனித்தனியாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கப்படுகிறது. 7ஆம் பதிப்பில் வந்த வசதியின்படி, அந்த அடுக்குகளில் நல்ல இடங்களை மட்டும் சுட்டியால் இழுத்துக் குறித்துக்கொண்டே போனால், அவை மேலே ஒரே வரிசையாகச் சேர்ந்துவிடும். என் பாட்டின் இரண்டாவது வரியில் தொடக்கச் சொல் நான்காவது டேக்கிலும், நடுப்பகுதி முதல் டேக்கிலும், கடைசி இழுப்பு ஆறாவது டேக்கிலும் இருந்து வந்தவை. கேட்பவர் யாருக்கும் அது தெரியவில்லை. தேவையான இடத்தில் எஸ் விசையைத் தட்டினால் ஒலித் துண்டு இரண்டாகிறது. இரு துண்டுகளின் ஓரங்களைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் ரீப்பரே ஒன்றை மெல்லத் தணித்து மற்றதை மெல்ல ஏற்றிக் கொடுக்கிறது. மூச்சு எடுக்கும் ஓசையின் நடுவில் வெட்டாமல், மூச்சுக்கு முன்னே வெட்டினால் ஒட்டு தெரியாது. இத்தனை வெட்டிய பிறகும் வட்டில் உள்ள மூலக் கோப்பு தொடப்படாமல் இருப்பதால், வெட்டிய ஓரத்தை எப்போது இழுத்தாலும் மறைந்த ஒலி திரும்ப வந்துவிடும்.

கூடவே வரும் பிளகின்கள், அதாவது ஒலியை மாற்றியமைக்கும் துணை மென்பொருள்கள், பார்ப்பதற்கு அழகற்றவை. பளபளக்கும் திருகுகளும் ஊசி மீட்டர்களும் இல்லை. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. கனத்த, மெல்லிய ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ரியாஈக்யூவும், உரத்த இடங்களை அடக்கும் ரியாகாம்ப்பும் ஒரு பாட்டுக்குப் போதும். எனக்கு அதிகம் உதவியது ரியாஃபிர். அறையில் ஓயாமல் கேட்கும் சன்னமான இரைச்சலை, பாடத் தொடங்கும் முன் சில நொடிகள் வெறுமனே பதிந்துவிட்டு, பிளகினைக் கழித்தல் முறையில் வைத்து, அந்த நொடிகளை மட்டும் அதற்குக் கேட்கக் கொடுத்தால், இரைச்சலின் சாயலைக் கற்றுக்கொண்டு பாட்டு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். கற்கும் கட்டத்தை அணைக்க மறந்துவிட்டு மேற்கொண்டு ஓடவிட்டால், நம் குரலையும் இரைச்சல் என்று எண்ணி அரித்துவிடுகிறது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை இதனாலும் எடுக்க முடியாது. அதற்குத் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடியதுதான் உதவியது.

உண்மையான குறை இசைக் கருவிகளில் இருக்கிறது. தனியாக இருந்து பாட்டமைப்பவருக்கு டிரம்ஸ், பியானோ போன்றவை கணினிக்குள்ளேயே வேண்டும். ரீப்பர் தருவதோ ஒரு எளிய சிந்தசைசர், ஒலிக் கோப்புகளை ஏற்றி வாசிக்கும் ஒரு பிளகின் போன்ற அடிப்படையான சில மட்டுமே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஎஸ்டி எனப்படும் பிளகின் வடிவக் கருவிகளைத் தேடி நிறுவிக்கொள்ளலாம் என்றாலும், நல்லது எது என்று தெரியாத நிலையில் அந்தத் தேடலில் எனக்கு ஒரு வாரம் போயிற்று. பாட்டுக்கு முன் கருவிகளோடு விளையாடிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர் மேக் வைத்திருந்தால், அதில் இலவசமாக வரும் கராஜ்பேண்டே அவருக்கு மகிழ்ச்சி தரும். பேச்சையோ ஒற்றைக் குரலையோ பதிந்து நறுக்கி எடுத்தால் போதும் என்பவருக்கு ஆடாசிட்டி போதுமானது. மிடி விசைப்பலகையில் வாசித்துப் பதிவதற்கு அது உகந்ததன்று.

மெனுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த இடத்தில் வலது சொடுக்குப் போட்டாலும் திரையின் பாதி நீளத்துக்குப் பட்டியல் விரிகிறது. அதில் பத்தில் ஒன்பது எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. இதற்கு ஈடாக, 400 பக்கங்களைத் தாண்டும் பயனர் கையேடு பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு மீதியைத் தேடிப் பார்க்கும் அகராதியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு எச்சரிக்கை: திட்டக் கோப்பைச் சேமிக்காமலேயே பதியத் தொடங்கினால், விண்டோஸில் ஒலிக் கோப்புகள் ஆவணங்கள் கோப்புறைக்குள் உள்ள ரீப்பர் மீடியா என்ற பொதுக் கோப்புறைக்குப் போய்விடும். முதல் வாரத்தில் பதிந்தவை எல்லாம் தொலைந்தன என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அவை எண்ணிட்ட பெயர்களோடு அங்கே குவிந்து கிடந்தன. பாட்டுக்கு ஒரு கோப்புறை வைத்து, அதில் சேமித்த பிறகே பதிவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 48,000 சாம்பிள், 24 பிட் என்ற அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும். என் பாட்டின் 8 டிராக்குகளுக்கும் டேக்குகளைச் சேர்க்காமலே சுமார் 276 எம்பி ஆயிற்று.

முழு மென்பொருளையும் எந்தத் தடையும் இல்லாமல் 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் அது நின்றுபோவதில்லை; திறக்கும்போதெல்லாம் உரிமம் வாங்குமாறு நினைவூட்டும் சிறு பெட்டி ஒன்று சில நொடிகள் காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் சலுகை உரிமம், பெரிய வருமானம் ஈட்டுவோருக்கு வேறு உரிமம் என்ற வேறுபாடு உண்டே தவிர, இரண்டிலும் மென்பொருள் ஒன்றே; 7ஆம் பதிப்பில் வாங்கிய உரிமம் 8ஆம் பதிப்பு வரிசை முடியும் வரை செல்லும். நான் 53ஆம் நாள், பாட்டின் கடைசி மிக்ஸைக் கோப்பாக எடுத்து முடித்த அன்று இரவே உரிமம் வாங்கினேன்.