அஷ்டமுடிக் காயலில் ஆறு ஆண்டுகள்: எங்கள் படகின் கழிவுத் தொட்டி

கொல்லத்தில், அஷ்டமுடிக் காயலில், இரண்டு அறைகள் கொண்ட கெட்டுவள்ளம் (பயணிகள் தங்கும் படகு வீடு) ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சொந்த ஊர் செங்கோட்டைக்கு அருகிலுள்ள புளியரை. சமையற்காரரும் எங்கள் பக்கத்துக்காரரே. படகு வாங்கியபோது பொருத்திய 250 லிட்டர் பாலிஎத்திலீன் கழிவுத் தொட்டியும், கைப்பம்பு வைத்த இரண்டு கழிவறைகளும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. 2002 இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இக்காயலில் மட்டி எடுப்பவர்கள் நாள்தோறும் கழுத்தளவு நீரில் இறங்கி நிற்கிறார்கள். ஆகவே கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் ஆண்டு முழுவதும் நாற்றத்தோடு போராடினோம். கடையில் கிடைத்த மணமூட்டும் திரவங்கள் எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்தும் பயனில்லை. விடை கிடைத்தது ஒரு விபத்தினால். கழிவு லாரி வந்து உறிஞ்சத் தொடங்கியதும் தொட்டியின் பக்கச் சுவர் பெரும் சத்தத்துடன் உட்புறம் குழிந்தது. “அண்ணாச்சி, நிப்பாட்டச் சொல்லுங்க, டேங்க் உள்ள போவுது!” என்று சமையற்காரர் கத்தினார். தொட்டியிலிருந்து வெளியே செல்லும் 16 மில்லிமீட்டர் காற்றுக் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உறிஞ்சும்போது காற்று உள்ளே நுழைய வழியில்லாததால்தான் சுவர் குழிந்தது. நாற்றத்திற்கும் அதுவே காரணம். காற்றுப்படும் கழிவில் வளரும் நுண்ணுயிர்கள் பெரிய நாற்றமின்றி அதைச் சிதைக்கின்றன. காற்று அற்றுப்போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை மணமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. பழைய குழாயை நீக்கிவிட்டு, படகின் இருபுறமும் 38 மில்லிமீட்டரில் ஒவ்வொரு குழாய் வைத்து, வாயில் வலை கட்டினோம். ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறுகிறது. அதன் பிறகு மணமூட்டி எதையும் நாங்கள் வாங்கியதில்லை. அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், உயிரும் போகும் என்பதால், தொட்டிக்குள் எவரும் தலையை நுழைக்கக்கூடாது என்று பணியாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எஞ்சியிருந்த இலேசான வாடை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய, வெந்நீரில் நனைத்த துணியை ஒவ்வொரு ஹோஸ் மீதும் சுற்றி, ஆறியபின் வெளியே எடுத்துச் சென்று முகர்ந்தோம். கழிவு எப்போதும் தேங்கி நிற்கும் தாழ்வான வளைவில் சுற்றிய துணி மட்டும் நாறியது. வாடை ஹோஸின் சுவரிலேயே ஊறியிருந்தது. கழிவறைக்கென்றே செய்யப்படும் தடித்த ஹோஸை, எங்கும் தொய்வு விழாதபடி போட்டதும் அதுவும் நின்றது. விலை கூடுதல்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இக்காயலுக்கே உரிய சிக்கல், கழிவறையில் ஊற்றும் காயல் நீரிலுள்ள உப்பு. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் மழை பிடித்தால் கல்லடையாற்று வெள்ளம் வந்து காயலின் உப்பைக் குறைக்கிறது. கோடையில் நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறுகிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. முன்பு சொன்ன அந்த வாயுவுக்கு இதுவே மூலப்பொருள். அதோடு, சிறுநீர் உப்பு நீருடன் கலக்கும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. மூன்றாம் ஆண்டு மார்ச்சில் கைப்பம்பு இறுகிப் போகவே ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். 38 மில்லிமீட்டர் துளையில் பெருவிரல் நுழையவும் இடமில்லை. படகுத்துறையின் சிமெண்டுத் தரையில் அடித்து அடித்துத்தான் அந்தக் கல்லை உதிர்த்தோம். இப்போது ஜனவரி முதல் மே வரை காயல் நீரை எடுப்பதில்லை, கரையில் நிரப்பிய நல்ல தண்ணீரையே ஊற்றுகிறோம். வாரம் ஒரு முறை இரவில் அரை லிட்டர் வினிகரை ஹோஸில் நிறுத்தி வைக்கிறோம். கழிவறை ஆசிட்டை நீர்த்துப் பயன்படுத்தியதும் உண்டு. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு எழும் என்பதால் பிளீச்சிங்கைப் படகில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

கழிந்த நீர் கோப்பைக்குள் திரும்பி வந்தால், வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆண்டுக்கொரு முறை மாற்றுவது போதுமானது. மிதவை அளவுமானி ஆறு மாதத்தில் ஒட்டிக்கொண்டது. வெண்மையான தொட்டியாதலால் பின்னால் டார்ச் அடித்தால் மட்டம் தெரிகிறது, அதுவே நம்பகமாக இருக்கிறது. ஏழு பேர் இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் நூறு லிட்டர் சேருவதால், இரண்டு நாளுக்கு ஒரு முறை லாரியை அழைத்துவிடுகிறோம்.

குழிந்த சுவர் தானாகவே பழைய நிலைக்கு மீண்டது, ஆனாலும் அந்த மடிப்பில் ஒரு வெண்கோடு தங்கிவிட்டது. அதன் நீளத்தைப் பேனாவால் குறித்து வைத்து, மாதந்தோறும் பார்த்து வருகிறேன், இதுவரை நீளவில்லை.