பாலூட்டும் தாய்மார்களே, ஆலோசனைச் செயலி தரும் வலி மாத்திரையை நம்பாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிரசவத்திற்குப் பிந்தைய கவனிப்புக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கைப்பேசிச் செயலியில், என் ஒரு மாதச் சம்பளத்தில் சரிபாதியைக் கட்டிச் சந்தா எடுத்தேன். எந்நேரமும் மருத்துவரே பேசுவார் என்பது அவர்களுடைய விளம்பரம்.

சிசேரியன் தையல் வலி தாங்காமல் அழைத்தபோது காணொளியில் வந்த பெண்மணி, குழந்தையின் பிறப்பு எடை, இரவில் எத்தனை முறை பால் குடிக்கிறாள், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "நானும் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள்தான் அம்மா, பயப்படாதீர்கள்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சந்தேகிக்கவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த இபுபுரூஃபென் பாலில் கலந்து குழந்தையைக் கெடுத்துவிடும், உடனே நிறுத்துங்கள் என்றார். பதிலுக்கு, "பாராசிட்டமால்தான், சற்று வீரியம் கூடியது" என்று ஒரு மாத்திரையை அவர்களே அனுப்பிவைத்தார்கள்.

அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் குழந்தை மருத்துவர்தான் படித்துக் காட்டினார்: பாராசிட்டமால் 325 மி.கி., டிரமடால் 37.5 மி.கி. டிரமடால் என்பது அபின் வகையைச் சேர்ந்த வீரியமான வலி மருந்து. மார்பில் வைத்தாலும் வாய் திறக்காமல் துவண்டு கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடியிருந்தோம். பிறந்த குழந்தை எப்போதும் தூங்கிக்கொண்டுதானே இருக்கும், இது வேறு தூக்கம் என்று யாருக்குத் தெரியும்? இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாகக் குடிக்கிறாள்.

டிரமடாலைக் கல்லீரல் இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகிறது என்றும், பிறவியிலேயே இந்த மாற்றம் வேகமாக நடக்கும் உடல்வாகு சில தாய்மார்களுக்கு இருப்பதால் அவர்களுடைய பாலில் அது கூடுதலாக இறங்கிக் குழந்தையின் மூச்சையே மந்தமாக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். டிரமடால், அதே வகையைச் சேர்ந்த கோடீன் இரண்டும் பாலூட்டும்போது வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது. அந்தப் பெண்மணி நிறுத்தச் சொன்ன இபுபுரூஃபெனோ பாலில் மிகச் சொற்பமாகவே சேருகிறது. பாலூட்டும் தாய்க்குப் பாராசிட்டமாலும் அதுவும்தான் வழக்கமாக முதலில் தரப்படுபவை. பாதுகாப்பானதை நிறுத்திவிட்டு ஆபத்தானதைத் தருவதற்கா பாதிச் சம்பளத்தைக் கொடுத்தேன்?

புகார் செய்தால், "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. விடாமல் கேட்டபோது, அந்த ஆலோசகர் இப்போது எங்களிடம் பணியில் இல்லை என்றார்கள்; பிறகு, நாங்கள் தருவது பொது ஆலோசனையே தவிர சிகிச்சை அல்ல என்றார்கள். அப்படியானால் மருந்துச் சீட்டு எதற்கு? அதில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் சின்னம் மட்டுமே இருக்கிறது. பாதிச் சம்பளத்தைத் திருப்பித் தர முடியாதாம், சந்தாவை வேண்டுமானால் நீட்டித்துத் தருவார்களாம்!

விரிவாக அறிவுரை எழுதத்தான் நினைத்தேன், பாலுக்கு அழுகிறாள். அவசரமாகச் சில மட்டும்: மாத்திரையின் வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். வலிக்கு ஆஸ்பிரினும் வேண்டாம். வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உரையாடல்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், என் கணக்கிலிருந்து பாதி உரையாடல் காணாமல் போய்விட்டது.