பதினெட்டு அடிப் பாய்ப்படகும் ஏழு சோளகமும்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியின் பின்பக்கம், தென்னைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த படகு இது. 2018 மாசியில் ஆறரை இலட்சம் ரூபா கொடுத்து வாங்கினேன். பைபர் உடம்பு, 18 அடி நீளம், அலுமினியப் பாய்மரம், இரண்டு பாய். சல்லிக் கிராமத்தில் மீன் பிடிக்கும் என் மாமா வந்து சுற்றிப் பார்த்தார். "மருமகன், இதுக்கு இஞ்சின் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏழு சோளகம், அதாவது ஏழு தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், ஆகிவிட்டது. 2019 சித்திரைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும் படகு பெரும்பாலும் கரையில்தான் கிடந்தது. மற்ற வருசங்களில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை மாதத்துக்கு நாலைந்து தடவையாவது இறக்கியிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

திருமலையில் பாய்ப்படகு என்றால் பாதிக் கதை காற்றுதான். சோளகம் நமக்குத் தரையைக் கடந்து வருகிற காற்று. அதனால் ஆடி மாதத்திலும் கரையோரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். விடியற்காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடாகும்போது அது தளரும். மதியத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். உப்புவெளியிலிருந்து புறாமலைத் தீவு வடக்கே ஆறேழு கடல் மைல். காலை ஆறு மணிக்கு இறங்கினால் இடது விலாவில் கச்சான். பின்னேரம் தெற்கே திரும்பினால் கடற்காற்றும் இடது விலாவில்தான். பாய்க்கு இதைவிட வசதியான காற்று கிடையாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். காற்று இரண்டு தரமும் இடது பக்கம், வெயில் இரண்டு தரமும் வலது பக்கம். என் வலது கன்னம் கொஞ்சம் கூடக் கறுத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்றால் மனைவி நம்புவதில்லை.

இடையில் காற்று செத்துப்போகும் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பாய் துணிக்கொடியில் காயப்போட்ட சேலை மாதிரித் தொங்கும். நிழல் இல்லை, நகர்வு இல்லை. இரண்டாம் வருசம் தார்ப்பாயில் ஒரு கூரை தைத்துக்கொண்டேன். இந்தப் படகுக்கு நான் செய்த செலவில் மிகப் பிரயோசனமானது அதுதான்.

புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. பெரிசும் சிறிசுமாக இரண்டு தீவு, சுற்றிவரப் பவளப்பாறை, முழங்கால் தண்ணீரிலேயே துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. போடாமல் பாய்ப்படகை நிறுத்தவும் வழியில்லை. ஆகவே நான் நிலாவெளிக் கரையில் படகை ஏற்றிவிட்டு, டிக்கெட் எடுத்து, மற்றவர்களைப் போல இஞ்சின் போட்டில்தான் அந்தக் கடைசி ஒரு கிலோமீற்றரைக் கடக்கிறேன். பாய்ப்படகில் தீவுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவு மாதிரியானவை வேறு கதை. கடற்படைப் பகுதி, அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாது.

எனக்குப் பிடித்த ஓட்டம் கொட்டியாரக் குடா. மூதூர்ப் பக்கம் மகாவலி வந்து விழுகிற இடத்தில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருசம் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருசம் கொக்கு நிற்கும். படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடிப்பலகை, இந்தப் படகில் கயிற்றை இழுத்தால் மேலே வந்துவிடும். பிறகு முழங்கால் தண்ணீர் போதும். படகு வாங்க நினைப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்: அடியில் கனத்த கட்டை நிரந்தரமாக இறங்கியிருக்கும் படகை இங்கே வாங்கவேண்டாம். பார்க்க மிடுக்காக இருக்கும், ஒரு கரையிலும் ஏறாது.

தை, மாசியில் தாய்லாந்துப் பக்கமிருந்து வெளிநாட்டுப் பாய்க்கப்பல்கள் உட்துறைமுகத்துக்கு வந்து நிற்கும். அப்படி வந்த ஒரு வயதான தம்பதிதான் எனக்குப் பாய் தைக்கச் சொல்லித் தந்தார்கள். வெப்பநாட்டு வெயிலில் துணி கிழிவதற்கு முன் நூல் போய்விடும். அவர்கள் விரல் நகத்தால் தையலைச் சுரண்டிக் காட்டினார்கள். நூல் பொடியாக உதிர்ந்தது. பாயைக் கடற்கரையில் விரித்தபடி விட்டுப்போனால் இரண்டு பருவம்தான். சுருட்டி உறை போட்டால் ஐந்து. கப்பலைத் திருத்த இந்தக் குடாவுக்கு வருவது பழைய வழக்கம்தான். 1659 கார்த்திகைப் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புது மரம் போடத்தான் கொட்டியாரத்துக்கு வந்தது. அதில் வந்த ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருசம் வீடு திரும்பவில்லை. என் திருத்த வேலை அதற்குக் கிட்டக்கூட வராது என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

சரி, குறைக்கு வருகிறேன். 2021 ஆடியில் ஒரு நாள் கச்சான் பத்து மணிக்கும் தளரவில்லை. நிலாவெளிக்கு நேரே வரும்போது சுக்கானைப் பிடித்திருந்த ஆணி உடைந்தது. விரல் தடிப்பு, 'துருப்பிடிக்காத எஃகு' என்று கடையில் சொல்லித் தந்தது. வெளியே தெரிந்த பாகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. துளைக்குள் மறைந்திருந்த அரை அங்குலம் மட்டும் கறுத்து, கறையான் தின்ற ஈர்க்கு மாதிரி ஆகியிருந்தது. காற்றுப் படாத இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அந்த எஃகும் அரிபடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாயை இறக்கினேன். ஆனாலும் காற்று கிழக்கே தள்ளுகிறது. என் நங்கூரக் கயிறு இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி. கடலின் அடி எட்டவில்லை. வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுக்கவிட்டு, துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இறக்கக்கண்டிப் பொடியன்கள் ஒரு போட்டில் வந்து கட்டி இழுத்தார்கள். காசு வாங்கவில்லை, ஆனால் கரை வரும்வரை சிரித்தார்கள். குளம் மாதிரிக் கிடக்கும் அந்தக் கடலின் ஆபத்து இதுதான்: அலை பயம் காட்டாது, கரை மட்டும் சின்னதாகிக்கொண்டே போகும். அடுத்த கிழமையே எட்டுக் குதிரைவலு இஞ்சின் ஒன்று வாங்கிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை, அவரே வந்து பார்த்துக்கொண்டார்.

அப்புறம் 2022. எரிபொருள் இல்லை. மண்ணெண்ணெய் வரிசையில் கான்கள்தான் நின்றன, ஆட்கள் நிழல் தேடிப் போயிருந்தார்கள். ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. அந்தப் பருவத்தில் மாமா ஆறு தடவை என்னோடு தூண்டில் போட வந்தார். பாயை எப்போது தளர்த்துவது என்று நான் சொல்லவே தேவை இருக்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் தோணியில் பாய் பிடித்திருக்கிறாராம். நாலு வருசமாக இதை என்னிடம் சொல்லவில்லை.

வாடைக்காற்று தொடங்கினால் படகு மேட்டில்தான். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் வந்தபோது பாய்மரத்தை இறக்கி, படகுக்குள் பாதிவரை தண்ணீர் நிரப்பி, தென்னையோடு கட்டினோம். படகு அசையவில்லை, பக்கத்துத் தென்னைதான் விழுந்தது.

இந்த வருசம் பெரிய பாயை மாற்றவேண்டும். தைத்துத் தைத்துத் துணியைவிட நூல் கூடிவிட்டது. பழையதை மாமா கேட்டு வைத்திருக்கிறார், கருவாடு காயப்போட.