வேலை பார்த்துக்கொண்டே ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ் படிப்பு: என் அனுபவம்

நான் பி.காம். படித்தவன். திருநெல்வேலியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் (தரவுகளை அலசும் துறை) ஆன்லைன் பிஎஸ் பட்டப் படிப்பில் சேர்ந்து, முதல் கட்டமான ஃபவுண்டேஷன் முடித்து, இப்போது அடுத்ததான டிப்ளமோ கட்டத்தில் இருக்கிறேன். சேரலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு 2020-ல் ஆரம்பித்தது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பும் கிடையாது. பணம் கட்டினால் நேராகச் சேர்த்துவிடுவார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் குவாலிஃபயர் என்ற தகுதிச் சுற்று. கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ் (புள்ளியியல்), ஆங்கிலம், கம்ப்யூடேஷனல் திங்கிங் (ஒரு வேலையைக் கம்ப்யூட்டர் செய்வதுபோல் படிப்படியாக யோசிப்பது) என நான்கு பாடங்களை நான்கு வாரம் நடத்தி, தேர்வு வைத்து, தேறியவர்களைத்தான் எடுக்கிறார்கள். அதன் பிறகு ஃபவுண்டேஷனில் எட்டுப் பாடங்கள். டிப்ளமோ இரண்டு: ஒன்று புரோகிராமிங், இன்னொன்று டேட்டா சயின்ஸ். அதற்கும் மேலே பிஎஸ்சி பட்டம், கடைசியாக பிஎஸ் பட்டம். ஃபவுண்டேஷனோடு நிறுத்தினாலும் சான்றிதழ் உண்டு, டிப்ளமோவோடு நிறுத்தினாலும் உண்டு. குடும்பஸ்தர்களுக்கு இது பெரிய நிம்மதி. வருஷத்துக்கு மூன்று டெர்ம், ஜனவரி, மே, செப்டம்பர். வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் ஒரு டெர்மை விட்டுவிட்டு அடுத்ததில் தொடரலாம்.

இதற்கு முன்னால் வேறொரு நிறுவனத்தில் நல்ல தொகை கட்டி ஒரு கோர்ஸ் வாங்கியிருந்தேன். பதிவு செய்த வீடியோக்களைக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள். சந்தேகம் கேட்டால் பதில் வராது. ஆனால் சான்றிதழ் மட்டும் வந்தது. இங்கே அப்படியில்லை. வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி. தேதி போனால் போனதுதான். அசைன்மென்ட்டில் குறைந்தபட்ச மார்க் இல்லாவிட்டால் டெர்ம் கடைசித் தேர்வில் உட்காரவே முடியாது. குவிஸ்களும் கடைசித் தேர்வும் நேரில்தான், தேர்வு மையத்துக்கே போய் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஹாலில் கல்லூரிப் பிள்ளைகளும் இருப்பார்கள், தலை நரைத்தவர்களும் இருப்பார்கள். இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வருவதே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சொல்லப்போனால், பாட வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. நாம் கட்டும் பணம் வீடியோவுக்கு இல்லை. நம்மை உட்கார வைத்து முடிக்க வைப்பதற்கு. என்னைப் போல மாசக் கடைசியில் ராத்திரி ஒன்பது வரை ஆபீஸில் இருப்பவனுக்கு அது இல்லாமல் ஒரு பாடமும் முடியாது.

கம்ப்யூடேஷனல் திங்கிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ் என்ற இரண்டு பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமலே ஆரம்பிக்கிறார்கள். மாணவர்களின் மார்க் எழுதிய அட்டைகள், கடை பில்கள், வார்த்தை அட்டைகள், இவைதான் கருவி. ஒரு அடுக்கிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, பார்த்து, இன்னொரு அடுக்கில் வைக்க வேண்டும். முதல் அட்டையின் மார்க்கை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த அட்டையில் அதைவிடக் கூட இருந்தால் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அடுக்கு தீர்ந்தபோது தாளில் நிற்பதுதான் அதிகபட்ச மார்க். என் மகளின் பழைய நோட்டு அட்டைகளை வெட்டி நான் இதைச் செய்து பார்த்தேன். பில் அட்டைகளைத் திருப்பும்போது வவுச்சர் கட்டைச் சரிபார்க்கும் அதே வேலை என்று பிடிபட்டது. அப்புறம் பைதான் என்ற புரோகிராமிங் மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) வந்தபோது பயமே இல்லை. புரோகிராமிங் தெரியாத ஒரு பெரியவருக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்டாடிஸ்டிக்ஸ் இரண்டாம் பகுதி கடினம். பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் பொறுமையாகத்தான் நடத்துகிறார். ஆனால் பிளஸ் டூ கணக்கு மறந்துபோனவர்கள் இன்டகிரேஷனைத் தனியாக எடுத்துப் படித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். மற்ற பாடங்களைவிட இரண்டு மடங்கு நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

டிப்ளமோவில் ஆப் டெவலப்மென்ட் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட் உண்டு. ஃபிளாஸ்க் என்ற பைதான் கருவியில் ஒரு வெப் ஆப் கட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. "இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள், "இதை இப்போதே மாற்றிக் காட்டுங்கள்" என்றார்கள். வேறு யாராவது எழுதிக் கொடுத்த புரோகிராமை வைத்துக்கொண்டு அங்கே தாண்ட முடியாது. இப்போது எங்கள் ஆபீஸில் எக்ஸெல்லில் அரைநாள் எடுத்த ரீகன்சிலியேஷனை (இரண்டு கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை) ஒரு பைதான் ஸ்கிரிப்ட் நிமிஷத்தில் முடிக்கிறது. நானே எழுதியது.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு, மொழி. பாடம், கேள்வி, தேர்வு எல்லாமே ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிந்தும் கேள்வியின் நீளமே தடையாகிறது. அவர்களுக்கு நான் சொல்வது: வீடியோ வேகத்தைக் குறைத்து, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். மாலையில் நடக்கும் நேரலை வகுப்புகளில் வாயைத் திறந்து கேளுங்கள். தப்பான ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் சொல்லத்தான் செய்கிறார்கள்.

கட்டணம் பாடத்துக்குப் பாடம் கட்டுவதுதான், மொத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் பிஎஸ் வரை போனால் தொகை லட்சங்களில் வரும். குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடாதீர்கள்.

"இது பி.டெக். மாதிரிதானா?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. வளாகத்தில் நடக்கும் பி.டெக். வேறு, இது வேறு. ஆனால் பட்டம் கொடுப்பது ஐஐடி மெட்ராஸ்தான். சேர்ந்த மறுநாளே வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கணக்கின் முதல் பாடத்தில் முதல் நான்கு வார வீடியோக்களை யூடியூபில் பாருங்கள், கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். உங்கள் வேலைக்கு நடுவே வாரத்துக்குப் பத்து மணி நேரம் அதற்குக் கிடைத்தால் இரண்டு பாடத்தோடு ஆரம்பிக்கலாம். முதல் டெர்மிலேயே நான்கு பாடம் எடுக்க வேண்டாம்.